துரை வீட்டு முகப்பில் உன் சுவர்

என் ஆசைத் தங்கச்சி அஞ்சலை,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. துரை வீட்டு முகப்பு வேலை முடிந்துவிட்டது. லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனில் இறங்கி வந்த சீமைக்காரர்கள் அதன் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படிக்கட்டுக்கு இடது பக்கம் இருக்கும் பதினோரு பலகையும் உன்னுடையவை. இதை உனக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

எல்லோரும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் தங்கமான ஆள் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது இன்றோடு தீரட்டும்.

காடு வெட்டிய காலத்தில் முதல் துரை கட்டிய மர வீடு அது. நாம் வரிசையாகக் குடியிருக்கும் லயமும் அதே வருஷம், அதே மரத்தை அறுத்துக் கட்டியது. பின்னால் வந்த துரைமார் வெளிச்சுவரில் வெள்ளைச் சாயத்தை அப்பி அப்பி வைத்திருந்தார்கள். புதுத் துரைசாணிக்குப் பழைய அழகு வேண்டுமாம். சாயத்தைச் சுரண்டி, மரம் மரமாகவே தெரியும்படி எண்ணெய் பூசச் சொன்னார். சுரண்டியபோதுதான் பாதிப் பலகை உளுத்துப் போயிருந்தது தெரிந்தது. புதுப் பலகை வைத்தால் நிறம் ஒட்டாமல் பல்லிளித்தது.

"லயத்துல இதே மரம் இருக்குங்களே" என்று கணக்கு எழுதும் கிராணி எடுத்துக்கொடுத்தார். துரை என் பக்கம் திரும்பினார். தோட்டத்துத் தச்சன் நான்தானே. எந்த அறைப் பலகை என்று நீயே பார்த்துச் சொல் என்றார்.

கேட்டுக்கொள் அஞ்சலை, யாரும் உன் பேரைச் சொல்லவில்லை. மூன்று அறைகளில் பலகை நன்றாக இருந்தது. ஒன்று எங்களை வேலை வாங்கும் மண்டோரின் மச்சினன் அறை. அதைத் தொட்டால் என் வேலை போகும். ஒன்று என் அறை. மற்றது நீயும் மாரிமுத்து மச்சானும் இருந்த கடைசி அறை. நீ சண்டைக்கு வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னுடையதைச் சொன்னேன்.

கடப்பாரையோடு வந்து நின்றபோது காப்பி கொடுத்தாயே, அது நினைவிருக்கிறதா?

"எடுத்துக்கங்கண்ணே. மழைக்கு முன்னால புதுசு அடிச்சுக் குடுத்துருவீங்கல்ல?"

"ரெண்டே வாரம்லா" என்றேன்.

பலகை இருந்த இடத்தில் அத்தாப்பு ஓலையைக் கட்டிவிட்டுப் போனேன். துரை வீட்டில் உன் அடுப்புப் புகை படிந்த பக்கத்தை உள்ளே திருப்பி அடித்தேன். துரைசாணிக்குப் புகைக் கறை ஆகாது. சொன்னபடி புதுப் பலகையும் வந்தது. துரையின் மோட்டார் கொட்டகைக்குப் போனது. அந்த ஆணியையும் நான்தான் அடித்தேன்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மச்சான் விடிந்தால் ரப்பர் பால் வெட்டப் போக வேண்டும் என்று ஓலைப் பக்கம் நீ படுத்துக்கொண்டாயாம். நாலாம் நாள் காய்ச்சல். மார்ச்சளி என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சொன்னார். நீ போன செய்தியோடு ஆள் வந்தபோது நான் ஏணியில் நின்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த பலகையை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

மச்சான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். இப்போதும் பார்த்தால் "வாங்க மச்சான்" என்கிறான். துரை வீட்டுக்குள் ஒரு சொட்டு மழை போகவில்லை தெரியுமா? அவ்வளவு சுத்தமான வேலை.

நேற்று துரை மறுபடி கூப்பிட்டார். பின்பக்கச் சுவருக்கும் பலகை வேண்டுமாம். இந்தத் தடவை நான் யோசிக்கவே இல்லை. என் அறையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பது நாளில் நேற்றுத்தான் நெஞ்சு கொஞ்சம் லேசானது. உன்னிடம் சரிக்கட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

உன் அண்ணி செல்லம்மாவுக்கு இது ஏழாம் மாதம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னைக் கேட்டீங்களா?"

"நம்ம அறைதானே செல்லம்மா."

"உங்க தங்கச்சியையும் கேக்கல, என்னையும் கேக்கல. நீங்க நல்லவரா ஆவுறதுக்கு நானும் வயித்துல இருக்கறதும் நனையணுமா?"

அவளுக்கு வாய் இருக்கிறது. உனக்கும் இருந்திருக்கக் கூடாதா என்று சட்டென்று உன்மேல் கோபம் வந்தது. பார், செத்தவள் தலையிலேயே பழியை வைக்கப் பார்க்கிறேன். உன் அண்ணன் இவ்வளவுதான்.

இதோ என் வாக்கு. நாளைக் காலை பிரட்டில், எல்லோரும் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது, துரையின் முகத்தைப் பார்த்து "முடியாதுங்க" என்று சொல்வேன். என் அறையும் இல்லை, மச்சான் அறையும் இல்லை, யார் அறையிலும் என் கை இனிப் பலகை கழற்றாது. வேலை போகும். சட்டி பானையைத் தூக்கி வெளியே வைப்பார்கள். வேறு ஒருவன் வந்து கழற்றவும் கழற்றலாம்.

ஒரே ஒரு வார்த்தை, அஞ்சலை. இதைச் சொல்ல நீ சாக வேண்டியதே இல்லை. நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

உன் சுவரைக் கழற்றிய அண்ணன்,
கோவிந்தன்