சுகாசினியின் நகங்கள்

அம்மா வேலைக்காகக் குவைத் போனதிலிருந்து சுகாசினி ரத்தம் வருமளவு நகம் கடித்துவந்தாள். நேற்று அப்பா தேவசகாயம் அவள் விரல்களில் வேப்பெண்ணெய் தடவினார்.

"கடிச்சாதான்பா அழுகை வராது" என்றாள்.

"அதுக்குக் கையையே தின்னுவியா?" என்று அதட்டிவிட்டார்.

காலையில் அவர் சாயப்பட்டறை வேலைக்குக் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலண்டர் தாளைக் கிழித்து எழுதினார்:

"சுகா, இட்லி குண்டான்ல இருக்குது. பள்ளிக்கூடம் போம்போது சாவியை எதிர்வீட்டு அத்தைகிட்ட குடு. நேத்து அதட்டினது தப்புமா. எண்ணெயைக் கொட்டிட்டேன். கை வாய்க்குப் போனா அம்மாவுக்குப் போன் போடு. எடுக்கலன்னா எனக்குப் போடு."

தாளில் இடம் தீர்ந்தது. ஓரத்தில் நுணுக்கி எழுதினார்:

"நானும் பட்டறையில யாருக்கும் தெரியாம அழுதுக்கினுதான் இருக்கறேன். சாயந்திரம் ரெண்டு பேரும் சேர்ந்தே அழுவலாம்."