ஈயத்தாள் ஒட்டிய குளிமுறி

துலாம் 3, திங்கள்

பகல் முழுக்க வெயில். நாலு மணிக்கு இடி, மழை. துலாமாசம் அப்படித்தான். கிணற்றடி ஓலை மறைப்பு மறுபடியும் சரிந்தது.

செல்லம்மை குளித்து இன்றோடு ஆறு நாள். வாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன உடம்பை இந்த மழையில் கிணற்றடிக்கு எப்படித் தூக்கிப்போவது? போனாலும் நேர் எதிரே அடுத்த வீட்டு மாடி ஜன்னல். "ஈரத்துணி போரும், என்ன வெளிய எடுக்காதீங்க" என்று அழுகிறாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் குளிக்காமல் அடுப்பு பற்றவைத்தவள் இல்லை.

மகன் ராமலிங்கம் சர்க்கார் கச்சேரி வேலை முடிந்து வந்தான். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மைய நாகர்கோயில்ல மீனாச்சிகிட்ட கொண்டு விட்டிருவோம். அவ வீட்டுல உள்ளேயே குளிமுறி உண்டு."

"உங்கம்மை மக வீட்டுக்கும் போகமாட்டா, எங்கயும் போகமாட்டா."

"அப்போ எங்க குளிப்பா?"

"பதினஞ்சாம் தேதிக்குள்ள இங்கயும் குளிமுறி இருக்கும். சாமான் முறிய ஒழிச்சுத் தா."

சிரித்தான். "அப்பாவுக்க பங்களா புத்தி."

பங்களா புத்திதான். பொன்முடித் தேயிலை எஸ்டேட் பங்களாவில் முப்பத்தொரு வருஷம் பட்லர். துரையின் குளிமுறி மாதிரி ஒன்றை இந்தத் தெருவில் எவன் கண்டான்? எழுதப் படிக்கவே சாமான் பெட்டி மேல் இருந்த எழுத்தைப் பார்த்துக் கற்றவன் நான். இதைக் கற்கமாட்டேனா?

பெயரை முழுக்க எழுதி மையை வீணாக்குவானேன். இனி செ., ரா.

துலாம் 5, புதன்

மழை இல்லை. சாமான் முறி காலி. சுவரில் ஓவு தோண்டி, தண்ணீர் வாழைக்குப் போக வழி. தரைக்குச் சரிவு. கொத்தன் வேண்டாம் என்றேன். முதுகு இப்போது கேட்கிறது, ஏன் வேண்டாம் என்றாய் என்று.

கையில் இருப்பது:
தேயிலைப் பெட்டி 4. மலையிலிருந்து சாமான் கட்டி வந்தவை. உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துச் சுவருக்கு. வெள்ளி மாதிரி இருக்கும், இருட்டு முறிக்கு வெளிச்சம்.
அதே பெட்டிப் பலகை. சுவர்த் தட்டு இரண்டு.
சிரட்டை 3. சோப்பு, எண்ணெய், சீயக்காய். சோப்புச் சிரட்டைக்கு மட்டும் அடியில் மூன்று துளை, தண்ணீர் வடிய.
உடைந்த பீங்கான், ஒரு கூடை. தரை ஓரத்தில் சுண்ணாம்பில் பதிக்க.
பிஸ்கட் டின். ஆணியால் துளை போட்டு விளக்குக்கு மூடி.

மருமகள் தங்கம் வாசலில் நின்று பார்த்தாள். "குளிக்கதுக்கு எதுக்கு மாமா இவ்வளவு அலங்காரம்? நாலு சுவரும் ஒரு அண்டாவும் போராதா?"

"உனக்குப் போரும்."

முகம் சுண்டிப் போய்விட்டாள். போகட்டும். சாமான் முறி சாமான் முறியாகவே இருந்தால், மூலையில் போட்டுக் கழுவுகிறார்கள் என்பாள் செ. வரமாட்டாள். இதை விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வராது.

துலாம் 8, சனி

காலையிலிருந்து ஈயத்தாள். மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சிய பசை, பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் துத்தம். சூட்டோடு பூசி, தாளை மேலிருந்து கீழே விட்டு, கரண்டி முதுகால் தேய்க்கவேண்டும். முதல் தாள் கிழிந்தது. இரண்டாவதில் கொப்புளம். மூன்றாவது சுவரோடு சுவராய். விரல் பத்தும் கறுப்பு.

வேலைக்காரி பார்கவி எட்டிப் பார்த்து, "அய்யோ, கொட்டாரம் மாதிரி ஆயல்லோ! எனக்கும் ஒரு நாள் குளிக்கான் தருமோ?"

அரண்மனையாம்! முறைத்தேன். சிரித்துக்கொண்டே போனாள்.

கட்டிலிலிருந்து செ.: "என்னத்த தட்டுதிய? இருக்க வீட்டையும் இடிச்சிராதீங்க."

"உனக்குத்தான்."

"நான் கேட்டேனா?"

கேட்கவில்லை. எதைத்தான் கேட்டாள்?

துலாம் 9, ஞாயிறு

விடியுமுன் சங்குமுகம் கடற்கரை. நடந்தே. ஒரு துணி நிறையச் சிப்பி. திரும்பும்போது முட்டி வீங்கிவிட்டது. ரா. பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். ஒரு பலகை தூக்கித் தரவில்லை.

"இந்த வயசில கடக்கரையில சிப்பி பொறுக்குனா பாக்கவங்க என்ன சொல்லுவாங்க?"

"பையன் வீட்டில் சும்மா இருக்கான்னு சொல்லுவாங்க."

தங்கம் அடுப்படியில் சிரித்தது கேட்டது.

மத்தியானம் மஞ்சாடிக்குரு, அந்தச் சிவப்பு விதை. கொதிநீரில் ஊறப்போட்டு, ஊசியைக் காய்ச்சிக் குத்தி, நூலில் கோர்த்து ஜன்னலுக்குத் தொங்கல். இருபது சரம் வேண்டும், ஆறு ஆயிற்று. கண் எரிச்சல்.

துலாம் 12, புதன்

மழை, இரண்டு நாளாக. பீங்கான் பதித்தது காயவில்லை. தொங்கல் முடிந்தது. தட்டு இரண்டும் ஏறின.

இனிக் கண்ணாடி. சாலைக் கடைத்தெருவில் வாங்கினேன், ஒரு முழ உயரம். சட்டம் என் வேலை: பெட்டிப் பலகை, மேலே சிப்பி, மூலைக்கொரு பெரிய சோழி. எல்லாவற்றிலும் இதுதான் நன்றாக வந்திருக்கிறது. எனக்கே தெரிகிறது.

செ.யின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஒட்டினேன். தங்கம் கஞ்சி கொண்டுவந்தவள் நின்றுவிட்டாள்.

"கண்ணாடி வேண்டாமே, மாமா."

"ஏன்?"

கட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சும்மாதான். வேண்டாமே."

"கண்ணாடி இல்லாத குளிமுறி பங்களாவில் கிடையாது. நீ உன் சோலியைப் பாரு."

எதற்கும் ஒரு முட்டுக்கட்டை. புருஷன் சொல்லிக் கொடுத்திருப்பான்.

செ. உட்காரவேண்டிய முக்காலியில் நானே உட்கார்ந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து, சுவரில் கரிக்கோடு போட்டேன். முகம் நடுவில் வரவேண்டும். இரண்டு தடவை மாற்றி அடித்தேன்.

துலாம் 14, வெள்ளி

வெயில். ஒரு நாள் முன்னதாகவே முடித்தேன். ரா.விடம் சொல்லவில்லை. தானே பார்க்கட்டும்.

பத்து மணிக்கு அண்டாவில் வெந்நீர். பிரம்பு நாற்காலியில் வைத்துத் தங்கமும் பார்கவியும் தூக்கி வந்தார்கள். வாசலில் நிறுத்தச் சொன்னாள். சுவரைப் பார்த்தாள், டின் விளக்கைப் பார்த்தாள். நல்ல கையை நீட்டி மஞ்சாடிச் சரத்தைத் தொட்டாள்.

"இதெல்லாம் நீங்களா?"

"பின்ன யாரு?"

"இவ்வளவு வேலை தெரிஞ்ச மனுசன், ஒரு உறி கட்டித் தாங்கன்னு இருவது வருசம் கேட்டேனே."

சரி, அதைக் கேட்டிருக்கிறாள். பார்கவி சிரித்தாள். நானும்தான். கதவு சாத்தினார்கள்.

வெளியே நின்றேன். செம்பு முகக்கும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம். "சூடு மதியோ, போருமோ, அம்மச்சி?" "இன்னும் விடு, இன்னும் விடு." பதினேழு நாளுக்கு அப்புறம் தண்ணீர்.

பிறகு தண்ணீர்ச் சத்தம் நின்றது.

தங்கம்: "அத்தை, இங்க பாருங்க. அத்தை, இந்தப் பக்கம் திரும்புங்க."

செ.யின் குரல் மெதுவாக வந்தது. "இந்த வாயை வச்சுகிட்டா மூணு மாசமா வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசினேன்? ஒருத்தர் சொல்லலியே. முன்ன மாதிரியே இருக்கேன்னுல்லா சொன்னிய எல்லாரும்."

கூடத்துக் கண்ணாடியை மூன்று மாதம் முன்பு கழற்றி மச்சில் போட்டது ரா. போடச் சொன்னவன் நான். வைத்தியர் அவள் மனசு நோகக்கூடாது என்றார். நான் சொன்னதை நானே மறந்தேன். குளிமுறி என்றால் கண்ணாடி, அவ்வளவுதான் தலையில்.

தங்கம் சொல்லியிருக்கலாம்.

சொன்னாள். புதன்கிழமை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

துலாம் 15, சனி

காலையில் கண்ணாடியைக் கழற்றப் போனேன். ஆணி இழுக்கும் சத்தம் கேட்டு உள்ளிருந்து செ.:

"கழட்டாண்டாம். கழட்டுனா வாய் நேராயிருமா?"

விட்டுவிட்டேன்.

ரா. வந்ததும் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருக்கும்போதே. "மீனாச்சிக்கு எழுது, நான் வாறேன்னு."

"குளிமுறிதான் ஆயாச்சே அம்மா."

"குளிக்கதுக்கு இல்ல. அவளுக்குச் சின்னதிலேருந்தே பொய் வராது. வாய் கோணிப்போச்சு அம்மான்னு மொத நாளே சொல்லியிருப்பா. எனக்கு அப்படி ஒரு ஆள் வேணும்."

ரா. என்னைக் குத்திக்காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனான். குத்திக்காட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

மேற்குச் சுவரில் ஈயத்தாள் உப்பிவிட்டது. தண்ணீர் பின்னால் போய்ப் பசை கரைந்திருக்கிறது. துரை தொட்டிக்குள் உட்கார்ந்து குளிப்பார், சுவரில் சொட்டு விழாது. நாம் செம்பு செம்பாய்த் தலையில் விடுகிற சாதி. முப்பத்தொரு வருஷம் அந்தச் சுவரைத் துடைத்தவனுக்கு இது தோன்றவில்லை.

துலாம் 16, ஞாயிறு

மேகமூட்டம். ரா.வின் கச்சேரி ஆள் ஒருவர் வந்தார். தங்கம் காப்பி கொடுத்தாள். ரா. அவரைக் குளிமுறிக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறான்! "அப்பா எஸ்டேட்ல மேனேஜரா இருந்தாருல்லா, அந்த ரசனை."

அவர் சிப்பிச் சட்டத்தைத் தடவி, "கொள்ளாம், அசல் இங்கிலீஷ் மட்டு" என்று மெச்சினார்.

"பட்லர்" என்றேன், கூடத்திலிருந்து, உரக்க. "மேனேஜர் குளிச்ச தொட்டியைக் கழுவின பட்லர்."

அவர் காப்பியை முடிக்காமல் போனார். கட்டிலில் செ. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா, கேட்கவில்லை.

துலாம் 18, செவ்வாய்

வெயில். மேற்குச் சுவரை முழுக்கச் சுரண்டினேன். இந்தத் தடவை பசைக்குப் பதில் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி. தண்ணீர் புகாது. சூடு இருக்கும்போதே ஒட்டவேண்டும்.

ஒன்பது மணிக்கு வாடகைக் கார். டிரங்குப் பெட்டி, படுக்கை, மருந்துக் குப்பி மூன்று. ரா. கூடப் போகிறான். தங்கம் அழுகிறாள். செ.யைப் பிரம்பு நாற்காலியில் தூக்கி வரும்போது குளிமுறி வாசலில் நிறுத்தச் சொன்னாள். நான் ஏணிமேல். கையில் ஈயத்தாள்.

"நீங்க வரல்லியா? மீனாச்சி வீட்டுல இடம் உண்டு."

"வேலை கிடக்கு."

"யாருக்கு?"

திரும்பவில்லை. கரண்டியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு தூக்கினார்கள். காரின் கதவு. கார் தெருமுனை திரும்புகிற சத்தம்.

குங்கிலியம் ஆறிப்போயிற்று. மறுபடி காய்ச்சவேண்டும்.