வாங்கோ என்று சொன்ன கைகள்

அக்கா, இது அம்மாவின் கடிதம். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான், உன் தங்கை பிரியந்தி. அம்மா சொல்லும் எதையும் விடாமலும் மாற்றாமலும் உண்மையாக எழுதுவேன் என்று தொடங்கும் முன்பே வாக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மா பேச்சில் சொல்வதை நான் பாடசாலையில் படித்த தமிழில் எழுதுவேன், அவ்வளவுதான் வித்தியாசம், கோபத்தைக் குறைக்கமாட்டேன். நானாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. "நான் எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கிறதுக்குள்ள கோவம் ஆறிப் போயிரும். ஆறக் கூடாது, நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். பெயரையும் முகவரியையும் மட்டும் கடைசியில் தானே எழுதுவாராம். இனி அம்மா பேசுகிறார்.

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் சாமி புண்ணியத்தில் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டிய இடம் இது. கேட்கவில்லை. உன் கைகள் இரண்டும் சுகமாக இருப்பதை வீடியோவில் பார்த்துவிட்டேன். முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாது, அதைத்தான் நீ யாருக்கும் காட்டுவதில்லையே. இங்கே மழை விடவில்லை, மலையில் அட்டைக்கடி அதிகம், அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பக்கத்து வீட்டு ஆடு நம் முட்டைக்கோவா பாத்தியை ஒரு பக்கம் தின்றுவிட்டது, தங்கச்சிக்குச் சோதனை வருகிறது, அவள் பாடப் புத்தகத்தைவிடக் கதைப் புத்தகம்தான் அதிகம் வாசிக்கிறாள். (இரண்டும் சமம். ஆனால் அம்மா இப்படித்தான் சொன்னார்.) வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கக் கந்தப்பளை டவுனுக்குப் போனேன். கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிற இம்தியாஸின் மனைவி ரினோஸா, தன் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டினாள். "பேச்சியம்மாக்கா, இது ஒங்கட மகள்ட கைதானே" என்று கேட்டாள். பார்த்தேன். ஒரு சட்டி, இரண்டு கை, மாவைத் தட்டி விளிம்பைப் பெருவிரலால் சுற்றிச் சுற்றி அமுக்குகிறது. பெற்றவளுக்கு முகம் தேவையா, அந்த அமுக்கலைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பாகத்தான் இருந்தது முதலில். கார்மெண்ட் வேலையை விட்டுவிட்டுக் கொழும்பில் ரொட்டி சுட்டு ஆபீஸ்களுக்குக் கொடுக்கிறாள் என் மகள், சொந்தத் தொழில் என்று காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாரிடமும் சொன்னவள் நான். அந்தக் கைதான் இது என்று ரினோஸாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் போனில் உன் குரல் வந்தது. "வாங்கோ, எங்கட யாழ்ப்பாணத்து ரொட்டி சாப்பிட்டுப் பாருங்கோ."

ரினோஸா எப்போது நாங்கள் யாழ்ப்பாணத்துக்குக் குடி போனோம் என்று கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள், கெட்ட எண்ணம் இல்லை. பருப்பு வாங்கப் போனவள் பருப்பை மறந்து வந்தேன். வழியெல்லாம் அந்தக் கோ, அந்த ஒரே ஒரு எழுத்து காதுக்குள் குடைந்தது. உனக்கு வாங்க என்று சொல்ல வராதா? பிறந்ததிலிருந்து வாங்க, போங்க, இருங்க என்று பேசின வாய்தானே அது. யாழ்ப்பாணத்துப் பேச்சின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதையும் நன்றாக விளங்கிக்கொள். உன்னோடு அறையில் இருக்கிற தாரணி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அவள் போனில் அம்மா சாப்பிட்டீங்களோ என்று கேட்டால் எனக்குக் காது குளிர்கிறது, அது அவள் தாய் சொல்லிக் கொடுத்த பேச்சு. உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்த தாய் யார்? நீ பேசுவதைக் கேட்டால் இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு கைப்பக்கம் தையல் விட்டுவிடுமோ என்று பயந்து பயந்து நடக்கிறவள் மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. ரொட்டியின் விளிம்பு தடிப்பாக இருப்பது தங்கள் ஊர்ப் பாரம்பரியம் என்று அதே வீடியோவில் சொல்கிறாய். அந்தத் தடிப்பு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாதா? தேயிலை மலையில் மத்தியானம் உட்கார ஈரமில்லாத இடம் கிடையாது, சரிவில் நின்றுகொண்டே ஒரு கையில் ரொட்டியை வைத்து நடுவில் மிளகாய்க் கட்டச்சம்பலை வைத்துச் சாப்பிட வேண்டும். விளிம்பு மெலிந்தால் ரொட்டி மடியும், சம்பல் சரிந்து எடுத்த கொழுந்தில் விழும், கங்காணி கத்துவான். அதற்காக நான் அமுக்கிப் பழகினேன். நீ அடுப்பு உயரம் வந்ததும் உன் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். என் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் விற்றாய், சந்தோஷம். என் மலையை ஏன் எடுத்துப் போட்டாய்?

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். கஸ்டமர் நிற்கிறார்கள் அம்மா, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாய். அடுத்த நாளும் அதே கஸ்டமர் நின்றார்கள். அதனால்தான் கடிதம். இதை நீ கட் பண்ண முடியாது. வேண்டுமானால் கிழிக்கலாம், ஆனால் கிழிக்கிறவர்களும் ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். அதற்குப் பிறகு தங்கச்சியிடம் கேட்டபோது வந்ததுதான் பெரிய சேதி. (நானாகப் போய்ச் சொல்லவில்லை, அக்கா. அம்மா கேட்டார், நான் பொய் சொல்லவில்லை.) வருகிற சனிக்கிழமை கொழும்பில் பெண்கள் தொழில் கண்காட்சியாம். ஒவ்வொரு கடையிலும் கடைக்காரியே நிற்க வேண்டுமாம், ஒரு பெரிய கேன்டீன்காரர்கள் அங்கே வந்து ஆளோடு பேசிப் பார்த்துத்தான் தினமும் ரொட்டி எடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வார்களாம். அதற்கு நீ போட்டிருக்கிற திட்டம் என்ன? தாரணியை முதலாளி என்று முன்னால் நிறுத்துவாயாம். நீ பின்னால் நின்று ரொட்டி எடுத்துக் கொடுப்பாயாம். யாராவது கேட்டால், "வேலைக்கு நிக்கிற புள்ளன்னு சொல்லிக்கலாம்" என்றாயாம். சொந்தக் கடையில் நீயே வேலைக்காரி. நான் வேலைக்காரியாக இருக்கிறேன், அப்பா வேலைக்காரர், அதில் ஒரு வெட்கமும் இல்லை. எங்களுக்குக் கிடைக்காததால் இருக்கிறோம். உனக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்ததை இன்னொருத்திக்குப் போட்டுவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிகிறாயே, உனக்கு என்ன குறை? கை இல்லையா, வாய் இல்லையா, படிப்பு இல்லையா? ரொட்டி நல்லாயில்லையா? எதற்காக இந்த ஒளிவு, யாருக்குப் பயந்து, நான் என்ன

(அக்கா, இந்த வசனம் முடியவில்லை. இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்லாதே என்று நீ சொன்ன விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வீட்டிலிருந்து பிறந்தநாளுக்குப் பெரிய ஓடர் வந்ததையும், எந்த ஊர் என்று அந்தப் பெண் கேட்டதும் நீ சந்தோஷமாகக் கந்தப்பளை, ஊசிமலைத் தோட்டம் என்று சொன்னதையும், "தோட்டக்காட்டு ஆளா? அப்ப சாப்பாடு வேணாம்" என்று அவர் போனை வைத்ததையும், சுட்டு வைத்த ரொட்டியை நீயும் தாரணியும் இரண்டு நாள் சாப்பிட்டதையும் சொன்னேன். நீ கோபிப்பாய். ஆனால் காரணம் தெரியாமல் அம்மா திட்டுவதை உண்மையான கடிதம் என்று என்னால் அனுப்ப முடியவில்லை. அம்மா எழுந்து போய் எரிகிற அடுப்பில் தேவையில்லாமல் இன்னொரு விறகை வைத்தார். திரும்பி வந்து, எங்கே விட்டோம் என்று கேட்டார். "நான் என்ன" என்பதில் விட்டோம் என்றேன். அதை அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.)

எழுது. அந்த வீட்டுக்காரி யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் உனக்குப் பதில் அவளுக்குத்தான் இந்தக் கடிதம் போயிருக்கும். அவள் காலையில் குடிக்கிற தேத்தண்ணி எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்று கேட்டிருப்பேன். ஆனால் மகளே, வாய்க் கொழுப்பு பிடித்த ஒருத்தி ஒரு தடவை சொன்னதை நீ அன்றிலிருந்து தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவள் போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாங்கோ என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் தோட்டக்காட்டு ஆள் வேண்டாம் என்று நீதான் சொல்கிறாய். அது எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் சொல்லாமல் மறைத்தது அதைவிடப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் பழைய ரொட்டியைத் தின்றுகொண்டு, போனில் என்னிடம் பிரியாணி சாப்பிட்டேன் என்று சொன்னாயே.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். ஃபக்டரியில் தேயிலைத் தூள் மூட்டைக்கு, எழுத்து வெட்டிய தகட்டை வைத்துத் தோட்டத்துப் பேர் அடிக்கிறவர் அவர், உனக்குத் தெரியாததில்லை. பேர் தெளிவாக விழாத மூட்டையை டீமேக்கர் திருப்பி அனுப்புவார், பேர் இல்லாத தூள் கொழும்பு ஏலத்துக்குப் போகாது, எந்த மலைத் தூள் என்று தெரிந்தால்தான் அங்கே விலை கேட்பார்கள். நான் எடுக்கிற கொழுந்து ஊர்ப் பேரோடு கொழும்புக்குப் போகிறது. நான் பெற்றது மட்டும் பேரைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த நாள் அப்பா ஒரு பழைய பிஸ்கட் டின்னை வெட்டி விரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "என்ன பேரு வெட்ட?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஃபக்டரியில் இங்கிலீஷ் எழுத்துத் தகடு வெட்டியே வரும், தமிழில் அவர் வெட்டுவது இதுதான் முதல் தடவை. சுலக்ஷனாவில் உள்ள சுழிகளை முழுவதுமாக வெட்டினார், நடுத்துண்டு எல்லாம் கழன்று விழுந்து உன் பேர் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. நான் கோபத்திலும் சிரித்துவிட்டேன். இரண்டாவது டின்னில் சுழிக்குச் சுழி சின்னப் பாலம் விட்டு வெட்டினார். ரொட்டியின் டி மட்டும் கொஞ்சம் கோணல், பொறுத்துக்கொள். சுலக்ஷனா ரொட்டி, ஊசிமலைத் தோட்டம், கந்தப்பளை. தகட்டையும் மை தொட்டு அடிக்கிற கட்டையையும் இந்தக் கடிதத்தோடு முன்கூட்டியே இம்தியாஸிடம் கொடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் அடி. அடிக்கும்போது தகடு அசையக் கூடாதாம், அப்பா சொல்லச் சொன்னார்.

பயமாக இருக்கும். இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஈரக் கொழுந்து என்று சொல்லிக் கணக்கப்பிள்ளை கிலோவைக் கூடுதலாகக் கழித்தபோது முதல் தடவை வாய் திறந்தவள் நான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று தெரிந்து தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே பேசினேன். பேசி முடிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்தேன், அவர்தான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் அப்படிச் செய். கேன்டீன்காரர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தால் ரொட்டியைப் பார்த்துப் பேசு. அதைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, கையில் எடுத்து விளிம்பைக் காட்டு, எதற்காகத் தடிப்பு என்று சொல்லு, மலையில் நின்று சாப்பிடுகிறவர்களுக்காக என்று சொல்லு. மற்றது தானாக வரும். அதற்கு முன் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாங்க என்று சொல்லிப் பழகு. எவ்வளவு நாள் ஆயிற்றோ.

வெள்ளிக்கிழமை இம்தியாஸ் லொறியில் நானும் வருகிறேன், ரினோஸா துணைக்கு வருகிறாள். வராதே என்று போன் எடுக்காதே, இங்கே மழை, கேட்காது. மகள் கடைக்குப் போகிறேன் என்று பெரட்டில் சத்தமாகச் சொல்லி லீவு கேட்டுவிட்டேன், இனிப் போகாமல் இருக்க முடியாது. கணக்கப்பிள்ளை, அப்ப ரொட்டி எனக்கும் வருமா என்று கேட்டார், கழிவு போகத்தான் கிடைக்கும் என்றேன். சனிக்கிழமை நீ முன்னால் நின்றால் நான் பின்னால் நின்று சம்பல் அள்ளிக் கொடுக்கிறேன், வாயைத் திறக்கமாட்டேன், மாரியம்மன் மேல் சத்தியம். நீ பின்னால் நின்றால் நான் முன்னால் நிற்பேன். ஊசிமலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பேச்சியம்மா நான், இது என் மகள் சுலக்ஷனாவின் கடை, அவள் அந்தப் பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டிருக்கிறாள் என்று சொல்வேன். என் தொண்டை உனக்குத் தெரியும், இந்த மலையில் கூப்பிட்டால் அந்த மலையில் திரும்பிப் பார்ப்பார்கள். தாரணியிடம் என் மேல் வருத்தம் வேண்டாம் என்று சொல்லு, அவளுக்குக் கரட்டும் லீக்ஸும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். வீடியோவில் உள்ள கையை அழிக்க வேண்டாம். அதற்கு மேலே முகத்தையும் சேர்த்துப் புதிதாக ஒன்று எடு. நீலச் சட்டையைப் போடு, தலையை ஒழுங்காக வாரு, சம்பலுக்கு மாசிக் கருவாடு கொஞ்சமாகப் போடு, நீ எப்போதும் அள்ளிப் போடுவாய். லயத்து வீடுகளைக் காக்கிற மாரியம்மன் உனக்கு முன்னால் நடக்கட்டும். நீ நல்லாயிருக்க வேண்டும், நாலு பேர் பார்க்க நல்லாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அம்மா,

பேச்சியம்மா அழகுமுத்து
ஏழாம் நம்பர் லயம், மேல்கணக்கு
ஊசிமலைத் தோட்டம்
கந்தப்பளை

(அக்கா, மேலே உள்ள நான்கு வரியும் அம்மாவே எழுதியது. டவுன் பேரை மட்டும் போட்டால் போதும் என்று நீ முன்பு சொல்லியிருந்ததை ஞாபகப்படுத்தினேன். பேனையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு லயத்து நம்பரிலிருந்து எழுதினார், பார்சலின் வெளிப்பக்கத்திலும் அதையே பெரிதாக எழுதினார். ஆனால் தொடக்கத்தில் அம்மா சொன்னது சரிதான். எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கந்தப்பளைக்கு வந்து சேர்வதற்குள் கோபம் பாதி ஆறிவிட்டது. பேனையை மூடிவிட்டு, "புள்ள சாப்புட்டாளான்னு ஒரு வரி போடுடி" என்றார். ஆகவே கேட்கிறேன், சாப்பிட்டாயா? உண்மையை எழுது. காலையில் பெரட்டு இருக்கிறது என்று அப்பா லைட்டை அணைத்துவிட்டார்.)