செய்தி வாசிப்பவளுக்கு ஒரு கடிதம்

தெர்னோபில்
மார்ச் 5, 2023

அன்புள்ள ருஸ்லான்,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். உக்ரைனிய மொழியில்தான். மெதுவாகப் படி.

நான் உக்ரைனிய மொழியில் பேசியதும், "யாரு, டிவியில செய்தி வாசிக்கிறவங்களா? என் பொண்டாட்டிகிட்ட போனைக் குடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். ஸ்லாதா பக்கத்தில் இல்லாதிருந்தால் சிரித்திருப்பேன். "அப்பாவுக்கு நம்மளப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். ஆறு வயதுதான் ஆகிறது அவளுக்கு.

மொழியை மாற்றச் சொல்லி என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கார்கிவில் நம் தெருவில் குண்டு விழுந்த அன்று ரஷ்ய மொழியில்தான் அலறினேன். அதற்குப் பிறகு, ஸ்லாதாவோடு இங்கே வந்தும், அந்தச் சொற்கள் கசக்கின்றன. அவ்வளவுதான்.

குளிரில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே.

நேல்யா


கார்கிவ்
மார்ச் 14

என் நேல்யா,

ரஷ்ய மொழியிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எங்கள் டிராம் பணிமனைக்குக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். "தாய்மொழி என்னங்க?" என்றாள். யோசிக்காமல் "உக்ரைனியம்" என்றேன். "வீட்டில என்ன பேசுவீங்க?" "ரஷ்யன்." நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

உக்ரைனிய மொழிமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் குண்டு போடுகிறவனும் ரஷ்யன் பேசுகிறான் என்பதற்காக என் பேச்சை அவனுக்கே எழுதிக் கொடுத்துவிடவா? கட்டிக்கொள்கிறாயா என்று உன்னிடம் கேட்டதே இதில்தான். உன் மொழியில் எனக்கு ஒரு ஜோக்கடிக்கக்கூட வராது. அதில்தான் பேச வேண்டுமென்றால், வாயில்லாப் பூச்சி ஒன்றுதான் உன் கதவைத் தட்டும்.

ருஸ்லான்


தெர்னோபில்
மார்ச் 22

அன்புள்ள ருஸ்லான்,

வாயில்லாப் பூச்சியாகவே வா. மாறியது என் பேச்சு. உன்னை மாறச் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை ஸ்லாதா உன்னைக் கூப்பிடுவாள். நான் கடைக்குப் போய்விடுவேன். அவள் எந்த மொழியில் பேசினாலும் போனை வைத்துவிடாதே. இன்னொரு முறை வைத்தால் நாங்கள் இங்கேயே தங்கிவிடுவோம். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

நேல்யா


கார்கிவ்
மார்ச் 27

என் நேல்யா,

இதுவும் ரஷ்ய மொழியில்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறெதிலும் வராது.

ஸ்லாதா வெகுநேரம் பேசினாள். முன்பல் விழுந்ததாம், ரொட்டியோடு விழுங்கிவிட்டாளாம். "வயித்துக்குள்ள அது கடிக்குமாப்பா?" என்று கேட்டாள். "உங்க அம்மா சமையலைத் தின்னா அதுவே கரைஞ்சிடும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்க்கிறேன், அவள் எந்த மொழியில் கேட்டாள், நான் எதில் சொன்னேன் என்று. நினைவுக்கே வரவில்லை, நேல்யா. அந்த ஓட்டைப்பல் சிரிப்புதான் காதில் இருக்கிறது.

லீவு கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவேன். சமையலைப் பற்றிச் சொன்னதற்குச் சண்டை போடத்தான் போகிறாய். உன் மொழியிலேயே போடு. எனக்கு எல்லாம் புரியும்.

உன்
ருஸ்லான்