முகத்தை மறைத்த தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் அன்னதானக் கூடத்துக்கு இலவசமாகச் சாப்பிட வருகிறவர்கள் போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்ற உத்தரவை இன்று மதியம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கூடத்தை நடத்தும் சங்கத்தின் செயலாளரே சமையல்கூடத்துக்கு வந்து சொன்னார். காரணம் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் பதறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நன்கொடையாளர்கள் வந்தால், படம் எடுத்து முடிக்கும்வரை நாங்கள் கரண்டியைத் தட்டுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நேற்று வரிசையில் நின்ற ஓர் அம்மா தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கரண்டி நிறையச் சாப்பாடு, போடத்தான் தட்டு இல்லை.

"படம் மருமகன் கண்ணுல பட்டா மானம் போயிடும்மா," என்றார்.

"தட்ட எறக்கச் சொல்லுங்க, மூஞ்சி தெரியல," என்றார் படம் எடுத்தவர்.

"உங்க மூஞ்சிய எடுத்துக்குங்க சார், அதான் நல்லா சாப்பிட்டுப் பளபளன்னு இருக்கு!" என்று அவருக்கு முதுகைக் காட்டி, அந்த அம்மாவை மறைத்து நின்று பரிமாறினேன். வரிசையே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை அப்பா. பசித்தவரின் மானத்தை வாங்கிக்கொண்டு சாப்பாடு போடுவதற்குப் பெயர் உதவியா?

தரை வழுக்குகிறது. என் பழைய ரப்பர் செருப்பை அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தில் நாலு வரி எழுதி உள்ளே வையுங்கள்.

நன்கொடையாளர்கள் முன்னால் அப்படிப் பேசிவிட்டேன்; என் வேலை நிலைக்குமா என்பது வெள்ளிக்கிழமை செயற்குழுவில் தெரியும். அந்த அம்மா இன்று வரவில்லை. நாளை மதியம் கதவு திறந்ததும் வருகிறாரா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மகள்