நடு அறைத் தூண்

மாமாவுக்கு,

நமஸ்காரம். வைகாசியில் சிறுவாச்சூர்க் கோயிலில் இரண்டாம் தாரத்துக்குத் தாலி கட்டி, அரியலூருக்கு அழைத்து வருவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் இருவருக்கும் கீழ் அறையை வெள்ளையடித்தாயிற்று. நான் மாடிக்குப் போய்விட்டேன்.

குளிப்பதற்கும் கீழே இறங்க வேண்டாமென்று மாடியிலேயே குளியலறை கட்டுகிறேன். உங்கள் அறைக்கு நேர் மேலே வருகிறது; அங்கே தரை வெறும் பலகை. வைரக்கண்ணு ஆசாரி மிதித்துப் பார்த்தார்.

"செங்கல்லு, சுண்ணாம்பு, தண்ணி அண்டா எல்லாம் ஏறுனா பழைய விட்டம் தாங்காதுங்கம்மா. பக்கத்துல இன்னொரு விட்டம் சேத்து, கீழேருந்து ஒரு தூண் குடுக்கணும்."

பழைய விட்டத்தில், நம் கல்யாணமான வருஷம் அத்தை அடித்துவைத்த தொட்டில் கொக்கி அப்படியே இருக்கிறது. கழற்றிவிடவா என்று ஆசாரி கேட்டார். வருகிறவளுக்கு வேண்டியிருக்கும், இருக்கட்டும் என்றேன்.

தூணைச் சுவரோரமாகக் கொடுத்தாலும் போதுமாம்.

"நடுவுலயே நிறுத்துங்க" என்றேன்.

"அறையை அடைச்சுக்குமேம்மா?"

"வூடு பலமா இருந்தா சரிதான்."

நல்ல தேக்கு. நேற்று நிறுத்திவிட்டார்கள். இனி அசையாது.

இரட்டைக் கட்டிலுக்குச் சொல்லியிருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். தூணுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒற்றைக் கட்டில்தான் போட முடியும்.

இப்படிக்கு,
மூத்தவள்