அப்ரின் பெருங்குளம் புகு படலம்

மே 4, ஞாயிறு

வெயில் இன்று கள்ளக்குறிச்சியை அப்பளமாகப் பொரித்துவிட்டது. கடை வாசலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் குடங்கள் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, இரட்டைப் பிள்ளைகளாகிவிட்டன. வியாபாரம்: ஒரு மக்கு, ஒரு சோப்பு டப்பா. பேரரசுகள் இப்படித்தான் சரிகின்றன.

சாயங்காலம் அக்கா அஸ்ரப் நிஷாவின் மகள் அப்ரினை ஸ்கூட்டியில் ஏற்றி நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கிறது. சிறு குளம் ஒன்று, பெரிய குளம் ஒன்று. சிறு குளத்துத் தண்ணீர் அப்ரினுக்கு இடுப்பளவு. அவளைத் தவிர அதில் இருப்பதெல்லாம் பால்பல் விழாத பொடிசுகள். ஒன்பது வயதில், முழுக்கை நீச்சல் உடையோடு, ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே ஒட்டகம்போல நிற்கிறாள். கூடச் சேர்ந்த தேவிப்ரியா போன வாரமே பெரிய குளத்துக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது அப்ரின் என் முதுகில் குத்தினாள். “மாமா, அங்க ஒரு குண்டுப் பையன் இருக்கான் இல்ல, தண்ணியிலயே உச்சா போறான். இன்னும் எவ்ளோ நாளு நான் அவன்கூட நிக்கறது?”

என் நெஞ்சம் கொதித்தது. என் மருமகளுக்கா இந்த அவமானம்!

அக்காவோ ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். “ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பெரிய குளத்துக்குப் போனா தொடரட்டும். இல்லைன்னா நிறுத்திடலாம். இடுப்பளவு தண்ணியில நிக்கறதுக்கு வூட்டு பாத்ரூம் போதாதா?”

“அக்கா, மாச முடிவுக்குள்ள அவ கோமுகி அணையவே குறுக்கால நீந்திடுவா” என்றேன்.

அப்ரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேனோ?

மே 6, செவ்வாய்

பயிற்சியாளர் சந்தியாவிடம் நேரடிப் பேச்சுவார்த்தை. கழுத்தில் விசில், தலையில் தொப்பி, முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

“பெரிய குளத்துக்குப் புள்ள தயாராயிட்டான்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?”

“மூஞ்சிய தண்ணியில வெச்சு அவசரமில்லாம மூச்சு வுடறாளான்னு பாப்பேண்ணா. மல்லாக்கப் படுத்தா மிதக்கணும். தண்ணியில வுழுந்தா யாரும் சொல்லாம தானா திரும்பி செவுத்தப் புடிக்கணும். பதட்டப்படாம இதெல்லாம் செஞ்சா தயாருன்னு அர்த்தம்.”

“பூ! இவ்ளோதானா? பரீட்சை எந்தத் தேதி?”

“தேதியெல்லாம் கெடையாதுண்ணா. ஒரு நாளு பாத்துட்டு, ‘போ அந்தப் பக்கம்’னு சொல்லுவேன். அவ்ளோதான்.”

தேதியில்லாத பரீட்சையா? கல்யாணத்துக்குத் தேதி உண்டு, கரண்டு பில்லுக்குத் தேதி உண்டு. இந்த நிர்வாகச் சீர்கேட்டைப் பொறுக்க முடியாமல் தேதியை நானே குறித்துவிட்டேன். மே 16, வெள்ளி. நல்ல நாள்.

மே 8, வியாழன்

கடையிலேயே பெரிய பச்சைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அரண்மனைப் பயிற்சி ஆரம்பம். அப்ரின் ஸ்டூல் மேல் மண்டியிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் புர்ர்ரென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வாளி வாங்க காசியம்மாள் வந்தார்.

“இன்னா பாய், புள்ளைய ஊறப் போட்டுக்கினு இருக்க?”

தண்ணீருக்குள்ளேயே அப்ரின் சிரித்துவிட்டாள். இருமல். கடல் கொந்தளித்தது. பாதித் தொட்டி கடைக்குள். இரண்டு டஜன் துடைப்பம் நனைந்தது. காசியம்மாள் வாளி வாங்காமலே போய்விட்டார்.

மே 10, சனி

மூச்சு விடுதல்: தேர்ச்சி. தேர்வாளர் மீண்டும் நனைந்தார்.

மே 12, திங்கள்

வரலாற்றை எழுதினால் மட்டும் போதாது, கட்டித் தொங்கவும் விட வேண்டும். பகலவனின் பிளக்ஸ் கடைக்குப் போனேன். ‘சிறு குளம் வென்று பெருங்குளம் புகும் எங்கள் நீர்ப்புயலே! வருக! வெல்க!’ பின்னால் நீலக்கடல். கடலில் டால்பின். டால்பின் பக்கத்தில் கண்ணாடி மாட்டிய அப்ரின். மூலையில் கைகூப்பியபடி நான். என் படம் அவள் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. பகலவனின் தவறு. நான் சொன்னதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

“பாய், பாப்பா ஜெயிச்சிட்டாளா?” என்று கேட்டான்.

“வெள்ளிக்கிழம ஜெயிக்கப் போறா.”

“அப்ப சனிக்கிழம கட்டலாமே?”

தொலைநோக்கு இல்லாதவன். இன்றைக்கே கடை முகப்பில் கட்டியாயிற்று. தெருவே நின்று பார்த்தது. ஒரு மாடு கூட நின்று பார்த்தது.

மே 13, செவ்வாய்

அப்ரின் கடைக்கு வந்தாள். பேனரை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 16, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜும்ஆ தொழுகை முடித்து, புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, குளக்கரையில் போய் நின்றேன். அப்ரின் முகத்தைத் தண்ணீரில் வைத்து அழகாக மூச்சு விட்டாள். சந்தியா தலையாட்டினார். அடுத்து மல்லாந்து படுத்தாள். மிதந்தாள்! தாமரை இலை மாதிரி மிதந்தாள்! ஒரு மாமன் இதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பானா?

“சபாஷ்டா என் சிங்கமே!”

கரியாலூர் வரைக்கும் கேட்டிருக்கும். கல்வராயன் மலையில் நாலு குரங்கு மரத்திலிருந்து விழுந்திருக்கும். அப்ரின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கால் இறங்கியது. இடுப்பு இறங்கியது. என் சிங்கம் முழுசாக முழுகியது.

மறுபடி படுத்தாள். மறுபடி கத்தினேன், இந்த முறை தைரியம் கொடுப்பதற்காக. மறுபடி தலை மேலே, கால் கீழே. மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, இருமி இருமி — போதும், அதை எழுத வேண்டாம்.

விசில் ஒலித்தது. எனக்குத்தான்.

“அண்ணா, தலையத் தூக்கினா கால் முழுகும். தண்ணியில அதுதான் கணக்கு. நீங்க வராத நாள்ல அவ தலையத் தூக்கறதே இல்ல.”

“நான் வராத நாள்லயா? அப்ப மிதக்கறாளா?”

“நல்லாவே மிதக்கறா. நீங்க நின்னா, நீங்க பாக்கறீங்களான்னு பாக்கறா.”

அந்தக் குண்டுப் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்கூட என்னைவிட ஒழுங்காக நடந்துகொண்டான்.

மே 19, திங்கள்

இனி அப்ரினைத் தேவிப்ரியாவின் அம்மா கூட்டிப்போவதாக ஏற்பாடு. நான் கரைப்பக்கமே போவதில்லை என்று சபதம்.

சபதத்தில் ஹெல்மெட் பற்றி எதுவும் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, வேலிக்கு வெளியே, புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். காற்றுக்குக்கூட நான் அங்கிருப்பது தெரிந்திருக்காது.

சிறு குளத்திலிருந்து ஒரு பொடிசு கத்தியது. “ஐ! அப்ரின் அக்கா, உங்க மாமா மரத்துக்குப் பின்னால நிக்கறாரு! தொப்பை வெளிய தெரியுது!”

அப்ரின் தலையைத் தூக்கினாள்.

ஒளிந்து நின்ற குற்றத்துக்கு இன்று ஸ்கூட்டியில் நான்தான் அவளைத் திரும்ப அழைத்து வந்தேன். கடைக்கு எதிரே இறங்கியதும் சொன்னாள்.

“மாமா, அந்த பேனர எடுத்துடேன்.”

“ஏண்டா கண்ணு? நல்லா இல்லியா?”

“மல்லாக்கப் படுத்தா அதுதான் ஞாபகம் வருது. அந்த டால்பினு என்னயே பாக்குது.” அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் போவலைன்னா எல்லாரும் உன்னைப் பாத்து சிரிப்பாங்க இல்ல?”

என்னைப் பார்த்து! அவளைப் பார்த்து இல்லை — என்னைப் பார்த்து. அதுக்காகவா இவ்ளோ நாளா தலையத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கினு இருந்தா? அட, என் மடத்தனமே. ஏணி எங்கே என்றுகூடத் தேடாமல் இரண்டு டிரம்மை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஏறினேன். டிரம் உருண்டது. பேனரோடு சேர்ந்து கீழே வந்தேன். என் கைகூப்பிய படத்தின் மேலேயே குப்புற விழுந்தேன்.

அப்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். பல நாளுக்கு அப்புறம்.

மே 20, செவ்வாய்

இடுப்பில் தைலம். வாடிக்கையாளர்கள் பேனரைக் கேட்கிறார்கள். “காத்துல போயிடுச்சி” என்று சொல்கிறேன். புயல் என்று சொல்லவில்லை. வெறும் காற்று.

மே 23, வெள்ளி

அக்காவிடம் தவணை கேட்டேன். “இன்னும் ஒரு மாசம் குடுக்கா. அவ மிதக்கறாளாம், சந்தியாவே சொல்லுச்சி.”

“நீ இன்னாத்துக்குடா கேக்கற? நீந்தறது நீயா? வேணும்னா அவ வந்து கேக்கட்டும்.”

அப்ரினிடம் போய்ச் சொன்னேன். “நான் கேக்க மாட்டேன்” என்றாள். இந்த ரோஷம் எங்கள் குடும்பச் சொத்து. எனக்குப் பங்கு வரவில்லை.

மே 26, திங்கள்

ஸ்கூட்டி தானாகவே கச்சிராயபாளையம் ரோட்டுக்குத் திரும்புகிறது. இழுத்துப் பிடித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டுபோய் டீ குடித்தேன். நாலு டீ. ஸ்கூல் திறக்க இந்த வாரம்தான் பாக்கி. இப்ப படுத்திருப்பாளா? கால் மேலே இருக்குமா? டீ மாஸ்டர், “இன்னா பாய், வூட்ல பிரசவமா?” என்று கேட்டார்.

மே 27, செவ்வாய்

போகவில்லை.

மே 29, வியாழன்

வகுப்பு முடிந்து அப்ரின் நேரே கடைக்கு வந்தாள். தலையிலிருந்து சொட்டச் சொட்ட ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பஜ்ஜி தின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. குடங்களைத் துடைத்தேன். துடைத்த குடத்தையே மறுபடி துடைத்தேன்.

மூன்றாவது பஜ்ஜியில் அவளாகவே ஆரம்பித்தாள்.

“மாமா, மூக்குல தண்ணி போயிடுச்சின்னா அங்க ரொம்ப கஷ்டம்.”

“ஏன்?”

“நின்னு சிந்த முடியாது. கால் எட்டாது இல்ல? செவுத்தப் புடிச்சிக்கினுதான் சிந்தணும்.”

வாய்க்குள் ஆயிரம் பட்டாசு. பற்களைக் கடித்துக்கொண்டு, “ஆமாமா, கஷ்டம்தான்” என்றேன்.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா முதலை, சுறான்னு சேத்துடுவ.”

போய்விட்டாள். அரை மணி நேரத்தில் அக்காவிடமிருந்து போன்.

“டேய் சுபைரு, உன் மருமவ பெரிய குளத்துக்குப் போயிட்டாளாம்டா! உனுக்குத் தெரியுமா?”

“அப்படியாக்கா?” என்றேன்.